எலும்புக்கு இடம் பிடிக்கும் ஜவ்வு!

'பல் போனால் சொல் போச்சு' என்பது பழமொழி. பல் டாக்டர்களைக் கேட்டால், அதோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்வார்கள்: 'பல் போனால் எலும்பும் போச்சு!'

நிஜம்தான். "ரொம்ப நாளா தொல்லை கொடுத்த சொத்தைப் பல். புடுங்கிப் போட்டாச்சு, விட்டது சனியன்!" என்று நிம்மதியாக இருந்துவிடுகிறோம். புண் ஆறி ஈறு மூடிவிடுகிறது. வலியும் இல்லை. ஆனால், மூடிய ஈறுக்குக் கீழே, அந்தப் பல்லை இத்தனை வருஷம் தாங்கிக்கொண்டிருந்த தாடை எலும்பு சத்தம் போடாமல் கரைய ஆரம்பித்திருக்கும்.

இரண்டு வருஷம் கழித்து, "பொண்ணு கல்யாணம் வருது, அந்த ஓட்டைப் பல்லைக் கட்டிடலாம்" என்று போகிறீர்கள். டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குகிறார். "இம்ப்ளான்ட் வைக்க எலும்பு பத்தலையேம்மா. போன் கிராஃப்ட் வெச்சு, மேலே மெம்பரேன் போட்டு, எலும்பை வளர்த்துட்டுத்தான் செய்யணும்" என்கிறார்.

எலும்பை வளர்ப்பதா? அதென்ன அவரைக்கொடியா, பந்தல் போட்டு வளர்க்க? கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். கிட்டத்தட்ட அப்படித்தான்! அது எப்படி நடக்கிறது, யாருக்குத் தேவை, யாருக்குத் தேவையில்லை என்பதையெல்லாம் விவரமாகப் பார்த்துவிடலாம். அதைவிட முக்கியமாக, பல்லைப் பிடுங்குவதற்கு முன்பே நீங்கள் டாக்டரிடம் கேட்க வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது. அதையும் பார்ப்போம்.

எலும்பு ஏன் கரைகிறது?

பல்லைச் சுற்றியிருக்கும் தாடை எலும்பு, பல்லுக்காகவே வாழும் எலும்பு. பல்லின் வேருக்கும் எலும்புக்கும் நடுவில் மெல்லிய நார்த் திசு ஒன்று உண்டு. நீங்கள் முறுக்கு கடிக்கும்போது விழும் அழுத்தத்தை அந்த நார்கள்தான் எலும்புக்குக் கொண்டுபோகின்றன. எலும்புக்குப் போகும் ரத்தத்தில் ஒரு பங்கும் அந்த வழியாகத்தான் கிடைக்கிறது.

பல்லைப் பிடுங்கியதும் அந்த நார்த் திசுவும் போய்விடுகிறது. வேலையும் இல்லை, ரத்த வரத்தும் குறைவு. எலும்பு என்ன செய்யும்? மெலிகிறது. அதிலும் மேல் முன்பற்களுக்கு முன்னால், உதட்டுப் பக்கம் இருக்கும் எலும்புச் சுவர் பெரும்பாலானவர்களுக்கு 1 மில்லிமீட்டருக்கும் குறைவான கனம்தான். முதலில் கரைந்து போவது அந்தச் சுவர்தான்.

பல் எடுத்த இடத்தில் எலும்பின் அகலம் ஒரே வருஷத்தில் பாதி வரை குறைந்துவிடலாம். அந்தக் குறைவில் பெரும்பகுதி முதல் 3 மாதத்திலேயே நடந்துவிடுகிறது. 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று நாம் தள்ளிப் போடுகிற அதே 3 மாதம்!

இதனால் என்ன நஷ்டம் என்கிறீர்களா? பல்லுக்குப் பதிலாகத் தாடையில் பதிக்கும் டைட்டானியம் திருகுதான் இம்ப்ளான்ட். அதன் குறுக்களவு சாதாரணமாக 4 மில்லிமீட்டர் இருக்கும். அதன் இரண்டு பக்கமும் குறைந்தது 1 மில்லிமீட்டராவது எலும்பு நிற்க வேண்டும். முன்பக்கம் அதற்கும் மேலே இருந்தால் நல்லது. அதாவது, எலும்பு 6 மில்லிமீட்டருக்குக் குறையாத அகலத்தில் இருக்க வேண்டும். கரைந்து 3, 4 மில்லிமீட்டராகிவிட்ட எலும்பில் திருகை எங்கே பதிப்பது? சுவரே இல்லாத இடத்தில் ஆணி அடிக்க முடியுமா?

பஸ்ஸில் இடம் பிடிக்கிற கதைதான்!

உங்களுக்கு நியாயமான சந்தேகம் ஒன்று வரும். கை எலும்பு முறிந்தால் கட்டுப் போட்டதும் தானாகக் கூடுகிறதே, தாடை எலும்பு மட்டும் ஏன் தானாக வளர்ந்து பழையபடி ஆவதில்லை?

எலும்புக்கு வளரத் தெரியும். ஆனால், அதற்குள் இடம் பறிபோய்விடுகிறது!

திருவிழா நேரத்தில் பஸ் ஸ்டாண்டைப் பார்த்திருப்பீர்கள். பஸ் வந்து நின்றதும் இளவட்டங்கள் ஓடிப்போய் ஏறி உட்கார்ந்துவிடுவார்கள். கைத்தடி ஊன்றி வருகிற தாத்தா ஏறுவதற்குள் ஒரு சீட்டும் மிச்சமிருக்காது. தாத்தாவுக்கு உட்காரத் தெரியாதா என்ன? வந்து சேர நேரமாகிறது, அவ்வளவுதான்.

வாய்க்குள்ளும் இதே போட்டிதான். ஈறின் மேல்தோல் செல்கள் மகா வேகக்காரர்கள். புண் பட்ட இடத்தில் ஒரே நாளில் சுமார் அரை மில்லிமீட்டர் தூரம் ஊர்ந்துவிடும். எலும்பை உண்டாக்கும் செல்களோ நிதானக்காரர்கள். ரத்தக் குழாய் வந்து சேர வேண்டும், சட்டம் கட்ட வேண்டும், அதில் கால்சியம் படிய வேண்டும். எல்லாவற்றுக்கும் மாதக் கணக்காகும். அதற்குள் ஈறுத் திசு வந்து, காலியான இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுகிறது. ஒரு தரம் அது உட்கார்ந்துவிட்டால் எலும்புக்கு அங்கே இடமில்லை.

தாத்தாவுக்கு சீட் வேண்டுமானால் வீட்டுப் பையன் என்ன செய்வான்? ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு வைப்பான். அந்தத் துண்டுதான் டாக்டர் சொன்ன மெம்பரேன்! தடுப்பு ஜவ்வு என்று தமிழில் சொல்லலாம். வேகமான ஈறுத் திசுவை உள்ளே விடாமல் தடுத்து, நிதானமாக வரும் எலும்புக்காக இடத்தைப் பிடித்து வைப்பதுதான் அதன் முக்கியமான வேலை. ஜவ்வு எலும்பாக மாறுவதில்லை. எலும்பை வளர்ப்பது உங்கள் உடம்புதான்.

எலியின் தாடை சொன்ன பதில்

இந்த யோசனை ஒரே நாளில் உதித்ததல்ல. 1976-ல் கனடாவின் டொரன்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மெல்ச்சர் ஒரு கருத்தைச் சொன்னார். பல்லைச் சுற்றிய புண்ணில் எந்த வகைச் செல்கள் முதலில் வந்து குடியேறுகின்றனவோ, அதைப் பொறுத்துத்தான் அங்கே என்ன திசு உண்டாகும் என்பது தீர்மானமாகிறது என்றார்.

'அப்படியானால், வேண்டாத செல்களைத் தடுத்துப் பார்த்தால் என்ன?' என்று ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகர ஆராய்ச்சியாளர்கள் கிளம்பினார்கள். 1982-ல் நைமன், லிண்டே, காரிங் ஆகியோர் அடங்கிய குழு, ஈறு நோயால் பாதிக்கப்பட்ட ஒருவரின் கீழ் முன்பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே, சோதனைச்சாலையில் பயன்படும் வடிகட்டித் தாள் ஒன்றைத் தடுப்பாக வைத்தார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், வேரில் புதிய பிடிமானத் திசு உருவாகியிருந்தது!

எலும்பு விஷயத்தில் பளிச்சென்று பதில் கிடைத்தது 1988-ல். அதே கோத்தன்பர்க்கில் டாலின் என்பவரும் அவர் சகாக்களும் எலிகளின் கீழ்த்தாடையில் இரண்டு பக்கமும் ஒரே அளவில் ஓட்டை போட்டார்கள். ஒரு பக்கத்தை டெஃப்லான் ஜவ்வால் மூடினார்கள். மறு பக்கத்தை அப்படியே விட்டார்கள். ஜவ்வு மூடிய பக்கம் 6 வாரத்தில் முழுசாக எலும்பால் அடைந்துவிட்டது. ஜவ்வு இல்லாத பக்கமோ 22 வாரம் ஆகியும் ஏறக்குறைய திறந்தபடியே கிடந்தது!

அதே எலி, அதே தாடை, அதே ரத்தம். வித்தியாசம் ஒரு மெல்லிய ஜவ்வு மட்டும்தான். டெஃப்லான் என்றால் வேறொன்றுமில்லை, உங்கள் சமையலறையில் ஒட்டாத தோசைக்கல்லில் பூசியிருக்கிறதே, அதே பொருள்தான்.

துண்டுக்கு அடியில் ஒரு பை

சரி, ஜவ்வு இடம் பிடிக்கிறது. அப்புறம் எதற்கு போன் கிராஃப்ட்?

ஜவ்வு மெல்லியது. குழி பெரிதாக இருந்தால், மேலே இருக்கும் ஈறும் உதடும் அழுத்தி, ஜவ்வு உள்ளே அமுங்கிவிடும். அப்புறம் எலும்பு வளர இடம் ஏது? அதனால், ஜவ்வுக்கு அடியில் எலும்புத் துகள்களை நிரப்புகிறார்கள். துண்டு போட்டால் மட்டும் போதாது, அடியில் ஒரு பையையும் வைத்தால்தான் யாரும் தள்ளிவிட்டு உட்கார மாட்டார்கள் இல்லையா? அந்தப் பைதான் இது. தவிர, புதிய எலும்புச் செல்கள் பற்றிப் படர இந்தத் துகள்கள் பந்தலாகவும் உதவுகின்றன. கிராஃப்ட்டில் நான்கு வகை:

1. உங்கள் சொந்த எலும்பு. மோவாயிலிருந்தோ, கடைவாய்க்குப் பின்னால் இருக்கும் தாடைப் பகுதியிலிருந்தோ கொஞ்சம் சுரண்டி எடுப்பார்கள். உயிருள்ள செல்கள் இருப்பதால் நல்ல தரம். ஆனால், எடுத்த இடத்தில் இன்னொரு புண் உண்டாகும். சீக்கிரம் கரையவும் செய்யும்.

2. பிற மனிதர் தானமாகக் கொடுத்த எலும்பு. சுத்தம் செய்து, கிருமி நீக்கிப் பதப்படுத்தியது. மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் 1988-ல் இதற்கென்றே ஒரு திசு வங்கி ஏற்பட்டது.

3. விலங்கு எலும்பு. பெரும்பாலும் மாட்டு எலும்பு. அதிலுள்ள கொழுப்பு, புரதம் எல்லாவற்றையும் நீக்கி, தாதுச் சட்டத்தை மட்டும் வைத்துக்கொள்வார்கள். மிக மெதுவாகக் கரைவதால் இடத்தை நெடுநாள் தாங்கிப் பிடிக்கும்.

4. செயற்கைத் துகள்கள். கால்சியம் பாஸ்பேட், உயிரிக் கண்ணாடி போன்றவை. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தில்கூட இந்தப் பீங்கான் ரகப் பொருட்களை உருவாக்கியிருக்கிறார்கள்.

இதில் 'இதுதான் உசத்தி, மற்றது மட்டம்' என்று எதுவும் இல்லை. குழியின் வடிவம், அளவு, உங்கள் வயது, பர்ஸ் எல்லாவற்றையும் பார்த்துத்தான் டாக்டர் முடிவு செய்வார். இரண்டு வகையைக் கலந்து வைப்பதும் உண்டு.

ஜவ்வில் இரண்டு ரகம்

முதல் ரகம் கரையாதது. டெஃப்லான் வகை ஜவ்வு. நன்றாக விறைத்து நிற்க வேண்டுமென்றால் உள்ளே டைட்டானியம் கம்பிச் சட்டம் வைத்ததும் கிடைக்கும். பெரிய குழிகளுக்கும், எலும்பை உயரமாக வளர்க்க வேண்டிய இடங்களுக்கும் இது ஏற்றது. ஆனால், வேலை முடிந்ததும் இதை எடுத்தாக வேண்டும். ஈறுக்குள்ளே முழுசாகப் புதைத்திருந்தால், அதற்காக மறுபடி ஒரு தரம் ஈறைத் திறக்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது ரகம் தானாகக் கரைவது. பெரும்பாலும் கொலாஜன் என்ற புரதத்தால் ஆனது. நம் தோலிலும் எலும்பிலும் இருக்கும் அதே வகைப் புரதம்தான். ரகத்தைப் பொறுத்துச் சில வாரங்களிலிருந்து சில மாதங்கள் வரை தாங்கிவிட்டு, உடம்போடு கலந்துவிடும். எடுக்க வேண்டிய அவசியமில்லை. நிறைய டாக்டர்கள் இதைத்தான் விரும்புகிறார்கள்.

இங்கே ஒரு விஷயத்தை நம் வீடுகளில் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். கொலாஜன் ஜவ்வு பெரும்பாலும் பன்றி அல்லது மாட்டிலிருந்து எடுக்கப்படுகிறது. "நாங்க சுத்த சைவமாச்சே", "எங்க மார்க்கத்துல இது கூடாதே" என்று ஆபரேஷன் முடிந்த பிறகு தெரிந்து மனசு சங்கடப்படுவதைவிட, முன்பே கேட்டுவிடுவது நல்லது. இதில் கூச்சப்பட ஒன்றுமே இல்லை. மீனிலிருந்து எடுத்த கொலாஜன், முழுக்கச் செயற்கையான ஜவ்வு, செயற்கைத் துகள் என்று மாற்று வழிகள் இருக்கின்றன. எந்த ஜவ்வு, எந்தத் துகள், எதிலிருந்து எடுத்தது என்று தெரிந்துகொள்வது உங்கள் உரிமை.

அன்றைக்கு என்ன நடக்கும்?

ஆபரேஷன் என்றதும் வயிற்றைப் பிசைய வேண்டாம். பெரும்பாலும் மயக்க மருந்தெல்லாம் கிடையாது. பல் எடுக்கும்போது போடுகிற அதே மரத்துப்போகும் ஊசிதான். சின்னக் குழி என்றால் அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம்.

ஈறை லேசாகத் திறந்து, உள்ளே இருக்கும் கெட்ட திசுவைச் சுத்தமாகச் சுரண்டி எடுப்பார்கள். எலும்பில் ஊசிமுனை போலச் சில துளைகள் போட்டு ரத்தம் கசிய விடுவதும் உண்டு. 'ஐயோ, ரத்தமா?' என்று பதறாதீர்கள். அந்த ரத்தத்தோடுதான் எலும்பை உண்டாக்கும் செல்கள் வந்து சேர வேண்டும். அப்புறம் துகள்களை நிரப்பி, அளவாக வெட்டிய ஜவ்வை மேலே போர்த்தி, ஓரங்களை ஈறுக்கு அடியில் செருகுவார்கள். ஜவ்வு நகராமல் இருக்கக் குட்டி ஆணி அடிப்பதும் உண்டு. கடைசியாக ஈறை இழுத்து மூடித் தையல் போடுவார்கள்.

அதற்குப் பிறகு? காத்திருக்க வேண்டும்! சாதாரணமாக 4 முதல் 6 மாதம். பெரிய குழி என்றால் அதற்கும் மேலே. எலும்பு ஓரளவு இருக்கிற சிலருக்கு இம்ப்ளான்ட்டையும் கிராஃப்ட்டையும் ஒரே நேரத்தில் வைத்துவிடுவார்கள்.

"ஆறு மாசமா? சீக்கிரம் முடிக்க முடியாதா டாக்டர்?" என்று அவசரப்படுத்தாதீர்கள். இந்த வைத்தியத்தில் காத்திருப்பதும் வைத்தியம்தான். துண்டு போட்டு வைத்த சீட்டுக்குத் தாத்தா வந்து உட்கார வேண்டாமா?

வெற்றிக்கு நான்கு நிபந்தனை

முதலாவது, தையல் பிரியாமல் ஈறு முழுசாக மூடி ஆற வேண்டும். இரண்டாவது, ரத்த ஓட்டம் நன்றாக வர வேண்டும். மூன்றாவது, ஜவ்வுக்கு அடியில் இடம் அமுங்காமல் இருக்க வேண்டும். நான்காவது, உள்ளே வைத்தது அசையவே கூடாது.

இந்த நான்கில் டாக்டர் கையில் இருப்பது பாதி. மீதிப் பாதி, வீட்டுக்கு வந்த பிறகு உங்கள் கையில்!

வீட்டில் செய்ய வேண்டியவை

* முதல் நாள் கன்னத்தின் மேல் ஐஸ் ஒத்தடம், விட்டு விட்டு. வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாள் அதிகமாகத் தெரியும். பிறகு வடியும். பயம் வேண்டாம்.

* முதல் நாள் கொப்பளிக்கவோ, காறித் துப்பவோ கூடாது. ஸ்ட்ரா போட்டு உறிஞ்சவும் கூடாது. உள்ளே உறைந்த ரத்தம் கலைந்துவிடும். மறுநாளிலிருந்து டாக்டர் கொடுத்த மவுத்வாஷையோ, வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரையோ வாயில் வைத்திருந்து மெல்ல விடுங்கள். 'களக் களக்' என்று கொப்பளிக்க வேண்டாம்.

* ஆறிய ரசஞ்சாதம், தயிர்சாதம், இட்லி, கூழ், மசித்த பருப்பு, முட்டை எல்லாம் சாப்பிடலாம். முறுக்கு, சீடை, வேர்க்கடலை, எலும்புக் கறிக்கு லீவு. மறு பக்கம் மெல்லுங்கள்.

* மற்ற பற்களை வழக்கம்போலத் தேய்க்கலாம். தையல் இருக்கும் இடத்தை டாக்டர் சொல்லும்வரை தொட வேண்டாம். "எப்படி இருக்குன்னு பார்க்கலாம்" என்று உதட்டை இழுத்து இழுத்துக் கண்ணாடியில் பார்ப்பதும் கூடாது. தையல் பிரியும்!

* பழைய கழற்றி மாட்டும் பல்செட் இருந்தால், அது தையல்மேல் அழுத்தக் கூடாது. டாக்டரைக் கேட்காமல் மாட்ட வேண்டாம்.

* கொடுத்த மாத்திரைகளைச் சொன்ன நாள்வரை சாப்பிடுங்கள். வலி நின்றதும் பாதியில் நிறுத்தாதீர்கள்.

முதல் சில நாளில் மணல் போல ஒன்றிரண்டு துகள் வாயில் தட்டுப்படலாம். அது சகஜம். ஆனால், தையல் விட்டு ஜவ்வு வெளியே தெரிந்தாலோ, சீழ் வந்தாலோ, கெட்ட வாடை அடித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, மூன்று நாளுக்குப் பிறகும் வீக்கம் ஏறிக்கொண்டே போனாலோ அன்றைக்கே டாக்டரிடம் ஓடுங்கள். சீக்கிரம் போனால் பல சமயம் காப்பாற்றிவிடலாம். "பத்து நாள் கழிச்சுத் தையல் பிரிக்கப் போகும்போது சொல்லிக்கலாம்" என்று இருந்தால், வைத்த துகள் எல்லாம் வீணாகிவிடும்.

இவர்களெல்லாம் ஜாக்கிரதை!

புகை பிடிப்பவர்கள்: சிகரெட், பீடி ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். ரத்தம் வராத இடத்தில் எலும்பு எங்கே வளரும்? தையல் பிரிவதும் இவர்களுக்குத்தான் அதிகம். முன்னும் பின்னும் சில வாரங்களாவது விட்டே ஆக வேண்டும். வெற்றிலை, பாக்கு, புகையிலைக்கும் இதே சட்டம்தான்.

சர்க்கரைக்காரர்கள்: சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் தாராளமாகச் செய்துகொள்ளலாம். 3 மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனையை முதலில் செய்து பாருங்கள். எகிறிப் போயிருந்தால், முதலில் அதைக் குறைத்துவிட்டு வாருங்கள்.

எலும்புத் தேய்மானத்துக்கு மருந்து எடுப்பவர்கள்: மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு எலும்பு உறுதிக்காக அலெண்ட்ரோனேட், சோலெட்ரோனிக் அமிலம் போன்ற மருந்துகளைக் கொடுப்பதுண்டு. புற்றுநோய் எலும்பில் பரவியவர்களுக்கும் இந்த வகையைக் கூடுதல் அளவில் கொடுப்பார்கள். இவற்றால் சிலருக்குத் தாடை எலும்பு ஆறாமல் செத்துப்போகும் ஆபத்து உண்டு என்பது 2003 முதல் தெரிய வந்திருக்கிறது. வாரம் ஒரு மாத்திரையோ, வருஷத்துக்கு ஒரு ஊசியோ, பல் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். "பல்லுக்கும் மூட்டு டாக்டர் கொடுத்த மருந்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று நினைத்துவிடாதீர்கள்.

கழுத்து, முகத்தில் கதிர்வீச்சுச் சிகிச்சை எடுத்தவர்களும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அந்த மாத்திரையை நீங்களாக நிறுத்தவே கூடாது. இதய டாக்டரும் பல் டாக்டரும் பேசி முடிவு செய்யட்டும். கர்ப்பிணிகள், அவசரமில்லாத இந்த வேலையைப் பிரசவத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

எல்லோருக்கும் தேவையா?

இல்லவே இல்லை! ஞானப்பல் எடுத்த இடத்தில் மறுபடி பல் கட்டப் போவதில்லை. அங்கே பெரும்பாலும் இது தேவைப்படாது. பக்கத்துப் பற்களைப் பிடித்துக் கட்டும் பிரிட்ஜோ, கழற்றி மாட்டும் பல்லோ போதும் என்பவர்களுக்கும் பல சமயம் தேவையில்லை. எலும்பு போதுமான அகலத்தில் இருந்தால், இம்ப்ளான்ட்டுக்கும் தேவையில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பல் எடுத்த அன்றே குழியில் துகள் நிரப்பி ஜவ்வு போட்டாலும், எலும்பு கரைவது முழுசாக நின்றுவிடாது. நன்றாகக் குறையும், அவ்வளவுதான். அகலத்தில் எலும்பு வளர்ப்பது சுலபம். உயரத்தில் வளர்ப்பது கஷ்டம். சிலருக்கு இரண்டாம் தரம் செய்ய வேண்டி வரலாம். "நூத்துக்கு நூறு காரன்டி" என்று யாராவது சொன்னால், இன்னொரு டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கால் எலும்பிலும் ஒரு ஜவ்வு!

விபத்தில் கால் எலும்பில் ஒரு துண்டே காணாமல் போனவர்களுக்கு, பிரான்சைச் சேர்ந்த மஸ்கலே என்ற சர்ஜன் 1980-களில் ஒரு வழி கண்டார். காலியான இடத்தில் எலும்பு சிமென்ட்டை வைத்துச் சில வாரம் விட்டுவிடுவார்கள். உடம்பே அதைச் சுற்றி ஒரு ஜவ்வை நெய்துவிடும். 6 முதல் 8 வாரம் கழித்து சிமென்ட்டை எடுத்துவிட்டு, அந்த ஜவ்வுப் பைக்குள் நோயாளியின் சொந்த எலும்பை நிரப்புவார்கள். இந்த ஜவ்வு இடம் பிடிப்பதோடு நிற்பதில்லை. ரத்தக் குழாயும் எலும்பு வளர உதவும் பொருட்களும் அதிலேயே இருக்கின்றன. வாயில் டாக்டர் வைக்கிற ஜவ்வு. காலில் உடம்பே நெய்கிற ஜவ்வு!

டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்

இந்தப் பட்டியலை ஒரு சீட்டில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

* எனக்கு எலும்பு எத்தனை மில்லிமீட்டர் இருக்கிறது? எவ்வளவு வேண்டும்?
* கிராஃப்ட் இல்லாமல் வேறு வழி உண்டா?
* துகளும் ஜவ்வும் எதிலிருந்து எடுத்தவை? என்ன கம்பெனி?
* ஜவ்வு தானாகக் கரையுமா, மறுபடி எடுக்க வேண்டுமா?
* எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும்?
* துகள், ஜவ்வு, இம்ப்ளான்ட், மேலே மாட்டும் பல், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எவ்வளவு ஆகும்?
* ஒருவேளை பலன் கிடைக்காவிட்டால் அடுத்து என்ன செய்வீர்கள்?

பொருட்களின் பாக்கெட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைக் கேட்டு வாங்கி, உங்கள் ஃபைலில் ஒட்டி வையுங்கள். பத்து வருஷம் கழித்து வேறு ஊரில் வேறு டாக்டர் பார்க்க நேர்ந்தாலும் அது உதவும்.

சரி, பல் பிடுங்குவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு என்றோமே, அது இதுதான்: "டாக்டர், இந்த இடத்தில் பின்னால் இம்ப்ளான்ட் வைக்கிற யோசனை இருக்கு. எலும்பைக் காப்பாத்த இப்பவே ஏதாவது செய்யணுமா?"

இந்த ஒரே கேள்விக்கு டாக்டர் "தேவையில்லை" என்று காரணத்தோடு சொன்னால் நிம்மதி. "செய்தால் நல்லது" என்றால், குழி புதிதாக இருக்கும்போதே சின்ன வேலையாக முடிந்துவிடும். கேட்காமல் விட்டால், இரண்டு வருஷம் கழித்துப் பெரிய வேலையாக வந்து நிற்கும், பெரிய செலவோடு!

பஸ் கிளம்பிய பிறகு துண்டைத் தூக்கிக்கொண்டு ஓடி என்ன பயன்? வந்து நிற்கும்போதே போட்டு வையுங்கள்.